நெற்றியிலிருந்து இறங்கி வரும் மூக்கு

மருத்துவக் கல்லூரியில் தொங்கும் எலும்புக்கூட்டுக்கு மூக்கு கிடையாது. கண்குழிகளுக்கு நடுவே சின்னதாக ஒரு எலும்பு மேடு துருத்திக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே பேரிக்காய் வடிவத்தில் ஒரு பொந்து. அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே எலும்பு முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நாம் மூக்கு என்று சிந்துவதும் சொறிவதும் மூக்குத்தி போடுவதும் எலும்பே இல்லாத பகுதியில்.

அப்படியானால் கீழ்மூக்கை நிறுத்தி வைத்திருப்பது எது? விபத்திலோ நாய்க்கடியிலோ புற்றுநோயிலோ அது போய்விட்டால், எதைக் கொண்டு மறுபடி செய்வது?

பெரிய மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் எப்போதாவது கண்ணில் படும் ஒரு காட்சி இந்தக் கேள்வியை இன்னும் சிக்கலாக்கும். ஒருவர் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். அவருடைய புருவத்தருகே தொடங்கி மூக்கின் நுனிவரை, இரண்டையும் இணைத்தபடி, தடித்த தோல் பட்டை ஒன்று இறங்கியிருக்கும். பார்க்க வந்தவர்கள் மனதில் எழும் சந்தேகம் நியாயமானது. தொடையிலும் வயிற்றிலும் எவ்வளவோ தோல் இருக்க, ஊரே பார்க்கும் நெற்றியில் போயா கை வைப்பார்கள்? எடுத்ததுதான் எடுத்தார்கள், முழுசாக வெட்டி ஒட்டாமல் வாரக்கணக்கில் இப்படித் தொங்க விடுவானேன்?

கிள்ளிப் பார்த்தால் தெரியும்

மூக்கின் மேல்பாதியில் தோலை இரு விரலால் கிள்ளலாம். எளிதாக மடிந்து நகரும். நுனியில் அது நடக்காது. அங்கே தோல் தடிமனானது, எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்தது, அடியில் இருப்பதோடு இறுக ஒட்டிக்கொண்டது. மேல்மூக்கில் சிறு காயத்தின் இரு ஓரங்களையும் இழுத்துத் தைத்துவிடலாம். நுனியிலோ இழுக்க உபரித்தோல் இல்லை. வற்புறுத்தி இழுத்தால் ஒரு பக்க நாசித்துளை மேலே ஏறிக்கொள்ளும்.

அந்தத் தோலுக்கு அடியில் குருத்தெலும்பு. காது மடலை விறைப்பாக வைத்திருக்கும் அதே வகைப் பொருள். நுனியில் இது இரண்டு வளைவுகளாக முதுகோடு முதுகு சேர்ந்து நிற்கிறது. இரண்டு துளைகளையும் பிரிக்கும் சுவருக்குள் ஒரு தட்டையான குருத்தெலும்புப் பலகை இருக்கிறது. இவற்றுக்கும் உள்ளே மூன்றாவது அடுக்காக, ஈரமான மெல்லிய உள்ளுறை. ஆக வெளித்தோல், நடுச்சட்டகம், உள்ளுறை என மூன்று. கீழ்மூக்கைக் கட்டுகிறவர் இந்த மூன்றையும் கட்டியாக வேண்டும்.

மூக்குத்தி குத்தும் பக்கவாட்டுப் பகுதிக்கு ‘நாசி மடல்’ என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதன் கீழ் ஓரத்தில் ஒரு வினோதம் உண்டு: அங்கே குருத்தெலும்பே கிடையாது. அழுத்தமான நாரும் கொழுப்பும் மட்டும்தான். கண்ணாடி முன் நின்று மூச்சைச் சட்டென்று உறிஞ்சினால் மடல்கள் உள்வாங்குவதைப் பார்க்கலாம். உள்ளே காற்றழுத்தம் குறைவதால் வெளிக்காற்று அவற்றைத் தள்ளுகிறது. ஆனாலும் அவை முழுக்க ஒட்டிக்கொள்வதில்லை. ஒரு நாளைக்குச் சுமார் 20,000 மூச்சு. ஒவ்வொன்றின்போதும் குருத்தெலும்பு இல்லாத ஒரு சதைவளைவு சரியாமல் நிற்கிறது. பிற்பாடு அறுவை மருத்துவர்களைத் திண்டாட வைக்கப்போவது இந்த இடம்தான்.

ரத்தம் இல்லாமல் இரண்டு நாள்

உடலிலிருந்து முழுதாகப் பிரித்தெடுத்த மெல்லிய தோலை இன்னோர் இடத்தில் ஒட்டினால், முதல் ஓரிரு நாள் அது அடியிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே உயிர் பிழைக்கிறது. அதற்குள் அடித்தளத்தின் நுண்குழாய்கள் தோலுக்குள் நுழைந்துவிட வேண்டும். தீக்காயங்களில் இந்த ‘ஒட்டுத்தோல்’ பிரமாதமாக வேலை செய்யும். காரணம், கீழே ரத்தம் ஓடும் சதை இருக்கிறது.

மூக்கின் ஓரம் வெட்டுப்பட்டுப் போனால் கீழே என்ன இருக்கிறது? வெறும் காற்று. ஒட்டுத்தோலுக்கு ஊட்டம் தர அங்கே யாருமில்லை.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. மடல் ஓரத்தில் ஏறத்தாழ 1 செ.மீ. அளவுக்குள் குறை இருந்தால், காதின் ஓரத்திலிருந்து தோலும் குருத்தெலும்புமாகச் சேர்த்து ஒரு துண்டை வெட்டி வைத்துத் தைக்கலாம். அது முதலில் வெளுத்துக் கிடக்கும். பிறகு பயமுறுத்தும் நீலம். எல்லாம் நன்றாக நடந்தால் சில நாளில் இளஞ்சிவப்பாகத் திரும்பும். ஓரங்களிலிருந்து ரத்தக் குழாய்கள் நடுவரை வந்து சேர்வதற்குள் நடுப்பகுதி செத்துவிடக் கூடாது என்பதால்தான் இந்த அளவுக் கட்டுப்பாடு.

அதைவிடப் பெரிய குறைக்குத் தோல் தன் ரத்தக் குழாயையும் கையோடு கொண்டுவர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உடலோடு தொடர்பில் இருக்க, மற்ற பக்கங்களை அறுத்துத் தூக்கிய தோல் அது. மருத்துவமனைகளில் ‘ஃப்ளாப்’ என்பார்கள். இந்த அத்தியாயத்தில் ‘காம்புத்தோல்’ என்று அழைப்போம். அந்தக் காம்பு வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். புது இடத்தில் தோல் வேர்பிடித்த பிறகு காம்பை வெட்டிவிடலாம். வார்டில் டீ குடித்தவரின் முகத்தில் தொங்கியது அதுதான்.

புணேயில் ஒரு மெழுகுத் தகடு

1794 அக்டோபரில் லண்டனின் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழில் ஒரு கடிதமும் படமும் வெளியாயின. படத்தில் இருந்தவர் கவாஸ்ஜி. ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டியோட்டிய மராட்டியர். 1792 போரில் திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்த பிறகு, புணே அருகே ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்தார். அந்த ஒருவர் வைத்தியக் கல்லூரி எதிலும் படித்தவர் அல்ல. செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்தவர் என்கிறது கடிதம். அவர் பெயரை எழுத கடிதம் எழுதியவருக்குத் தோன்றவில்லை!

மூக்கறுப்பது அக்காலத் தண்டனை, போர்முறை, பழிவாங்கல் எல்லாமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்குகளை அறுத்ததும், திருமலை நாயக்கரின் படை அங்கே போய் அதையே திருப்பிச் செய்ததும் தமிழக வரலாற்றில் உண்டு. அறுபட்டவர்கள் இருந்தார்கள், எனவே செய்பவர்களும் இருந்தார்கள். சுசுருத சம்ஹிதையிலேயே இதற்கு முறை சொல்லப்பட்டிருக்கிறது: மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்து, அதே அளவில் கன்னத்துத் தோலைக் காம்போடு அறுத்துத் திருப்பி ஒட்டி, துளைகளில் இரு குழல்களைச் செருக வேண்டும்.

புணேக்காரரின் முறை கன்னத்திலிருந்து நெற்றிக்கு மாறியிருந்தது. கடிதம் வரிசையாக விவரிக்கிறது. மெல்லிய மெழுகுத் தகட்டை அறுபட்ட இடத்தில் வைத்து நல்ல மூக்காக வனைந்துகொள்வார்கள். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துச் சுற்றிக் கோடு போடுவார்கள். கோட்டுக்குள் இருக்கும் தோலை அறுத்தெடுத்து, கண்களுக்கு நடுவே மட்டும் ஒரு பட்டையை விட்டுவைப்பார்கள். தோலைக் கீழே கொண்டுவரும்போது அரைச்சுற்றுத் திருப்புவார்கள். அப்படியே மடக்கி இறக்கினால் தோலின் வெளிப்பக்கம் உள்ளே போய்விடுமே! ஓரங்களைக் கீறலுக்குள் செருகி, வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைக் குழைத்துத் துணியில் தடவி மேலே ஒட்டுவார்கள். நான்கு நாளுக்குப் பின் நெய்யில் தோய்த்த துணி. பத்தாம் நாள் துளைகளில் மெல்லிய துணித் திரி. ஏறத்தாழ 25ஆம் நாள் பட்டையை வெட்டுவார்கள்.

இன்றைய மருத்துவர்கள் எளிய குறைகளில் காம்பை வெட்டுவது 3 வாரத்துக்குப் பிறகு. பாக்டீரியாவையோ நுண்குழாயையோ கண்டிராத ஒரு கைவினைஞர் கிட்டத்தட்ட அதே கணக்குக்கு வந்து சேர்ந்திருந்தார்.

கன்னத்தைவிட நெற்றி ஏன் மேல் என்பதற்கும் விடை இருக்கிறது. நெற்றித்தோலின் நிறமும் தடிமனும் மூக்கு நுனியோடு நெருங்கிப் போகின்றன. முகத்தின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி, புருவத்தின் உள்முனை அருகே எலும்பைச் சுற்றிக்கொண்டு ஒரு தமனி செங்குத்தாக மேலேறுகிறது. அதன் தயவால் ஒன்றரை செ.மீ. அகலக் காம்பே போதும். மேலே மூக்களவுத் தோலையும் அது வாழவைத்துவிடும். இத்தாலியின் பொலோன்யாவில் பேராசிரியராக இருந்த தலியாகோட்சி 1597இல் வெளியிட்ட நூலின் முறையோ வேறு. மேற்கைத் தோலை மூக்கில் தைத்து, கையைத் தலையோடு சேர்த்துக் கச்சை கட்டி, வாரக்கணக்கில் நோயாளியை அதே கோலத்தில் வைத்திருப்பார்கள். நெற்றி வழி பரவிய பிறகு அதை நாடியவர்கள் குறைவு.

லண்டன் கடிதத்தைப் படித்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜோசப் கார்ப்யூ பல ஆண்டுகள் பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டு, 1814இல் ஒரு ராணுவ அதிகாரிக்கு இதைச் செய்தார். 1816இல் அவர் போட்ட புத்தகத்துக்குப் பின் ஐரோப்பா இதை ‘இந்திய முறை’ என்றே அழைத்தது.

அழகாக இருந்தது, ஆறு மாதம்

இந்தப் பெருமைக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் இந்திய முறைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. தையற்காரர் உள்துணி வைக்காமல் தைத்த கோட்டு எப்படித் துவளுமோ அப்படி அந்த மூக்குகளும் நாளாக ஆகக் குலைந்தன.

நெற்றித்தோலின் வெளிப்பக்கம் தோல். உட்பக்கம் பச்சைப்புண். அந்தப் புண் ஆறும்போது தழும்பாகிச் சுருங்கும். சுருங்கும் தழும்பின் பலம் சாமானியமானதல்ல. தீக்காயத்துக்குப் பின் கழுத்தோ முழங்கையோ மடங்கி ஒட்டிப்போனவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூக்கின் ஓரம் ஒரு பக்கம் எதிலும் பிடிப்பில்லாமல் நிற்பது. இழுவைக்கு எதிர்நிற்க அதற்கு எதுவுமில்லை. நுனி உருண்டு சுருங்கும், துளைகள் குறுகி மூடிக்கொள்ளும். பத்தாம் நாள் வைத்த துணித் திரி இதைத் தடுக்கும் முயற்சிதான்.

இந்தூரில் பணியாற்றிய கீகன் என்ற அறுவை மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு ஒரு வழி செய்தார். மூக்கின் எஞ்சிய பகுதியின் தோலைப் புத்தகப் பக்கம் புரட்டுவது மாதிரி கீழ்நோக்கிப் புரட்டி, அதன் தோல்பக்கம் உள்ளே பார்க்கும்படி வைத்து, அதன்மேல் நெற்றித்தோலைப் போர்த்தினார். புண்ணும் புண்ணும் முகம் பார்த்து ஒட்டிக்கொண்டன. உள்ளும் வெளியும் தோல்.

உள்ளுறை எவ்வளவு முக்கியம் என்பதைத் தொழுநோய் தலைகீழாகக் காட்டியது. அந்தக் கிருமிக்கு உடலின் குளிர்ந்த இடங்கள்தான் பிடிக்கும். மூச்சுக்காற்று பட்டுக் குளிரும் மூக்கின் உட்புறம் அதற்கு வாகான இடம். உள்ளுறையும் குருத்தெலும்பும் அழிந்து மூக்கு குழிந்துவிடும். பார்ப்பவர்களுக்கு மூக்கே இல்லை என்று தோன்றும். ஆனால் வெளித்தோல் பெரும்பாலும் அப்படியே இருக்கும். உள்ளே இழுபட்டு மடிந்து கிடக்கும், அவ்வளவே. இங்கிலாந்தின் ஹெரால்டு கில்லிஸ் பால்வினை நோயால் குழிந்த மூக்குகளுக்குக் கையாண்ட வழியை மகாராஷ்டிரத்தில் நோஷிர் ஆன்ட்டியாவும், கைகளுக்கான அறுவை சிகிச்சைக்காகப் பெயர்பெற்ற பால் பிராண்ட் வேலூரிலும் தொழுநோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். மேலுதட்டின் உட்புறமாக உள்ளே போய்த் தழும்பை விடுவித்தால் மூக்குத்தோல் விரிந்து கொடுக்கும். அச்சு ஒன்றின் மேல் மெல்லிய ஒட்டுத்தோலைச் சுற்றி உள்ளே வைத்தால் அதுவே புது உள்ளுறை. நெற்றியைத் தொடவே தேவையில்லை.

ஒரு மடலைக் கட்டுவோம்

இனி ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். அறுபது வயதுக்காரர் ஒருவர், கற்பனை மனிதர்தான். வலது மடலில் வந்த தோல்புற்றை அகற்றி, ஓரங்களில் புற்றணு மிச்சமில்லை என்று நுண்ணோக்கியில் உறுதி செய்தாயிற்று. இப்போது அங்கே 2 செ.மீ. ஓட்டை, வெளியிலிருந்து உள்வரை மூன்று அடுக்குமே போய்விட்டன. மடலில் பாதிக்கு மேல் இல்லை.

மருத்துவர் முதலில் செய்வது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். மடலில் மிச்சமிருக்கும் நல்ல தோலையும் எடுத்துவிடுகிறார். 1985இல் அமெரிக்காவின் கேரி பர்ஜெட், ஃபிரடெரிக் மெனிக் இருவரும் முன்வைத்த கொள்கை இது. மூக்கு ஒரே பரப்பல்ல என்றார்கள் அவர்கள். முதுகு, இரு பக்கச் சரிவுகள், நுனி, இரு மடல்கள், துளைகளுக்கு நடுவிலான தூண், மடலும் நுனியும் சேரும் இடத்தில் இரு மென்முக்கோணங்கள் என்று 9 பகுதிகள். ஒளியும் நிழலும் பிரியும் கோடுகளே அவற்றின் எல்லை. ஒரு பகுதியில் பாதிக்கு மேல் போனால் அதை முழுவதுமாக மாற்றிவிடு. தழும்பு நிழற்கோட்டில் விழுந்து கண்ணுக்குத் தப்பும். ஓட்டையின் அளவுக்கு மட்டும் வைத்த வட்டக் காம்புத்தோல், சுற்றித் தழும்பு சுருங்கும்போது மேடாக உப்பிவிடும். முழு மடலையும் மாற்றினால் அதே உப்பல் மடலின் இயல்பான உருண்டையாகிவிடுகிறது! உடலின் கோளாறையே வேலைக்காரனாக்கும் இந்த யோசனைதான் நவீன மூக்குக் கட்டுமானத்தில் மிகவும் புத்திசாலித்தனமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

அளவு எங்கிருந்து? ஓட்டையை அளப்பதில்லை, காயம் வீங்கியோ விரிந்தோ பொய் சொல்லும். இடது மடலின் மேல் தையல் நூல் வந்த உறையின் ஈயத்தாளை அழுத்தி அச்செடுத்து, அதைப் புரட்டிப் போட்டால் வலது மடல். சுசுருதரின் இலையும் புணேயின் மெழுகும் இங்கே ஈயத்தாளாகியிருக்கின்றன.

முதல் அறுவை. அச்சை நெற்றியில் தலைமுடிக்குச் சற்றுக் கீழே வைத்து வரைகிறார்கள், அதன் முனையில் கொஞ்சம் அதிகத் தோலையும் சேர்த்து. வலது புருவத்தருகே தமனி ஓடும் இடத்தைச் சிறு டாப்ளர் கருவி ஒலியால் காட்டிக்கொடுக்கிறது. காம்புத்தோலை இறக்கித் தைக்கும்போது அந்த அதிகப்படி முனையை உள்பக்கமாக மடக்கி, எஞ்சியிருக்கும் உள்ளுறையோடு இணைக்கிறார்கள். ஒரே தோல் வெளியுமாயிற்று, உள்ளுமாயிற்று. மூக்கு இப்போது கொழுக்கட்டை போலத் தடித்து விகாரமாக இருக்கும். நெற்றிக் காயத்தைத் தைப்பார்கள். மேல்முனை சேரவில்லை என்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். சில வாரங்களில் அது தானாகச் சுருங்கி மூடிக்கொள்ளும். மூக்கில் தொல்லை தரும் அதே சுருக்கம் நெற்றியில் உபகாரி.

ஏறத்தாழ 4 வாரம் கழித்து இரண்டாவது. மடித்த ஓரத்தை வெட்டி வெளித்தோலைத் திரும்பத் தூக்குகிறார்கள். காம்பு அப்படியே இருப்பதால் அதற்கு ரத்தம் வரும். உள்ளே மடிந்த பகுதியோ இதற்குள் பக்கத்து உறையிலிருந்து ரத்தம் பெறத் தொடங்கியிருக்கும், தனித்தே பிழைத்துக்கொள்ளும். இரண்டிலும் உள்ள உபரிக் கொழுப்பையும் தசையையும் செதுக்கி மெல்லியதாக்குகிறார்கள். பிறகு நடுவில் சட்டகம்: காதுக் கிண்ணத்திலிருந்து எடுத்த ஒரு குருத்தெலும்புப் பட்டை மடலின் ஓரத்தையொட்டி வைக்கப்படுகிறது.

இயற்கை மடலின் ஓரத்தில்தான் குருத்தெலும்பே இல்லையே? இயற்கை மடலில் தழும்பும் இல்லை. செய்த மடலைத் தழும்பு மேலே இழுக்கும், ஒவ்வொரு மூச்சும் உள்ளே இழுக்கும். இரண்டையும் தாங்க இயற்கை வைக்காத இடத்தில் மனிதன் வைத்தாக வேண்டியிருக்கிறது.

மேலும் 4 வாரம் கழித்துக் காம்பை வெட்டி, புருவத்தின் உள்முனையை ஒழுங்குபடுத்துவது மூன்றாவது. இடைப்பட்ட 2 மாதமும் அந்த மனிதர் காம்போடுதான் வீட்டில் நடமாட வேண்டும். மூக்குக்கண்ணாடி சரியாக உட்காராது. முதல் நாட்களில் காம்பின் பச்சைப்பக்கம் கசிந்துகொண்டிருக்கும். கதவைத் தட்டிய தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிகிச்சையின் கடினமான பகுதி இதுதான். இதற்கு மயக்க மருந்து கிடையாது.

நெற்றியின் ஞாபகம்

காம்பு இருக்கும்வரை தோலின் நரம்பும் பழைய வழியிலேயே போகிறது. மூக்கு நுனியைத் தொட்டால், யாரோ நெற்றியைத் தொட்டதாக அவருக்குப் படும். காம்பை வெட்டியதும் அந்த உணர்வு போய்விடும். பிறகு சுற்றுப்புற நரம்புகள் மெதுவாக உள்ளே வளர, தொடுகை மூக்குக்கே உரியதாகத் திரும்பும்.

முடிக்கு அப்படி மனமாற்றம் ஏதும் இல்லை. நெற்றி குறுகலானவர்களுக்குத் தலைமுடி வளரும் தோலும் சேர்ந்து வந்துவிட்டால் மூக்கு நுனியில் அது பாட்டுக்கு முளைக்கும். சவரமோ லேசரோதான் வழி.

பாசெல் நகரின் ஐந்து பேர்

குருத்தெலும்புக்காகக் காதை வெட்டுவதைத் தவிர்க்க முடியுமா? சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகக் குழு 2014இல் ‘லான்செட்’ இதழில் ஒரு முயற்சியை வெளியிட்டது. 76 முதல் 88 வயதுவரையான 5 பேர். எல்லாருக்கும் தோல்புற்றால் மடல் பாதிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொருவரின் மூக்கு நடுச்சுவரிலிருந்தும் சில மில்லிமீட்டர் குருத்தெலும்பை எடுத்து, அதன் உயிரணுக்களைப் பெருக்கி, கொலாஜன் படலத்தில் வளர்த்துக் குருத்தெலும்புத் தகடு உருவாக்கினார்கள். அது மடலுக்குள் வைக்கப்பட்டது. வெளித்தோலுக்கு அப்போதும் முகத்துத் தோலைத்தான் நாட வேண்டியிருந்தது.

ஓராண்டு கழித்தும் ஐவருக்கும் மடல் சரியாமல் நின்றது. மூச்சும் நன்றாகப் போய் வந்தது. ஆனால் ஆறாம் மாதத்தில் சிறு திசுத்துண்டுகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. வைத்தது குருத்தெலும்பு; அங்கே இருந்ததோ நாரும் தசையும் கொழுப்பும் கலந்த திசு, இயல்பான மடலில் இருப்பதைப் போலவே.